ஒரே ஒரு இடம்தான் மிச்சம்: என்வலப்பா, எல்எஃப்ஓவா?

மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவியான சிந்தசைசரில் ஒரு பேஸ் (தாழ்ந்த சுருதி) ஒலியை உருவாக்கிக்கொண்டிருந்தேன். ஒலியின் பளிச்சைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டரைத் தானாக அசைக்க ஒரே ஒரு மாடுலேஷன் இடம்தான் (அசைக்கும் ஒன்றை இணைக்கும் இடம்) மிச்சமிருந்தது. அதில் எல்எஃப்ஓவைப் போட்டு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். அப்புறம் என்வலப்புக்கு மாறினேன், திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நம்பிப் படிக்க வேண்டாம்.

அடிப்படை தெரிந்ததுதான். எல்எஃப்ஓ (லோ ஃப்ரீக்வென்சி ஆசிலேட்டர்) என்பது பெரும்பாலும் நொடிக்கு 20 சுற்றுக்குள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் மெதுவான அலை. என்வலப், கீயை அழுத்தியதும் அட்டாக் (ஏற்றம்), டிகே (இறக்கம்), சஸ்டெயின் (நிலைத்து நிற்கும் மட்டம்), விட்டதும் ரிலீஸ் (அடங்குதல்) என ஒருமுறை போய்வருவது. வேகம், ஆழம் எல்லாம் இரண்டிலும் ஒரு குமிழைத் திருப்பும் வேலைதான்.

என்னை மாற வைத்தது வேறொன்று: அசைவு எப்போது தொடங்குகிறது என்பது. எல்எஃப்ஓவுக்கு உங்கள் விரலைப் பற்றிக் கவலையே இல்லை, அது தன்பாட்டுக்குச் சுற்றும். கீயை அழுத்தும் நேரத்தில் அலை மேட்டில் இருந்தால் ஒலி பளிச்சென்று வரும். பள்ளத்தில் இருந்தால் போர்வைக்குள்ளிருந்து முனகுவது போல வரும். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 பீட், அதாவது ஒரு பீட்டுக்கு அரை நொடி. எல்எஃப்ஓவை 2 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 2 சுற்று) வைத்தால் அதன் சுற்றும் அரை நொடி. கணக்கு சரிதானே? நீளம் பொருந்தியது, தொடக்கம் பொருந்தவில்லை. ஒரே நான்கு சுரங்களை இரண்டு தடவை பதிவு செய்தேன். முதல் தடவை பாய்ந்து வந்த சுரம் அடுத்த தடவை மழுங்கிப்போய்க் கிடந்தது.

கீயை அழுத்தும்போதெல்லாம் அலையை ஆரம்பத்திலிருந்து தொடங்கவைக்கும் கீ சிங்க் போட்டால் தீர்ந்ததே என்பீர்கள். போட்டேன். ஒற்றைச் சுரத்துக்குத் தீர்ந்தது. அதே ஒலியில் கார்டு (பல சுரங்கள் ஒன்றாக) பிடித்தபோதுதான் சிக்கல். பல சிந்தசைசர்களில் என்வலப் ஒவ்வொரு குரலுக்கும் (ஒலிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும்) தனி, எல்எஃப்ஓ எல்லாக் குரலுக்கும் பொது. என்னுடையதும் அப்படித்தான். மூன்று சுரம் ஒலித்துக்கொண்டிருக்க நான்காவதை அழுத்தியதும் எல்எஃப்ஓ ஆரம்பத்துக்குத் தாவியது. பழைய மூன்றும் சேர்ந்து ஒரு குதி குதித்தன.

என்வலப்பில் இந்தத் தொல்லை இல்லை. கட்-ஆஃபை (ஃபில்டர் எதற்கு மேல் வெட்டும் என்ற எல்லையை) 300 ஹெர்ட்ஸ் அருகே இறக்கினேன். அட்டாக் பூஜ்யம், டிகே 250 மில்லிநொடி, சஸ்டெயின் கால்வாசி. ஒவ்வொரு சுரமும் ‘டொங்’ என்று திறந்து மூடியது. டிகேயை 80க்குக் குறைத்தால் கம்பியைக் கிள்ளியது போல இருக்கிறது. 600க்கு ஏற்றினால் வாயைப் பிளந்து மெல்ல மூடுகிறது. ஒரு குமிழில் இத்தனை குணம். ஒரு எச்சரிக்கை: மோனோவில் (ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும் முறையில்) ஒரு கீயை விடாமல் அடுத்ததை அழுத்தினால் சில கருவிகளில் என்வலப் மறுபடி தொடங்காது. 1970இல் வந்த மினிமூக் சிந்தசைசர் அப்படித்தான். அதில் தனி எல்எஃப்ஓவே கிடையாது என்பது எனக்குச் சாதகமான செய்தி. மூன்றாவது ஆசிலேட்டரை (ஒலி அலையை உண்டாக்கும் பகுதியை) மெதுவாக ஓடவிட்டுத்தான் அந்த வேலையை வாங்க வேண்டும், ஒலிக்க இரண்டுதான் மிஞ்சும். ஃபில்டருக்கும் ஒலி அளவுக்கும் மட்டும் ஆளுக்கொரு என்வலப் இருக்கிறது.

சரி, எல்எஃப்ஓ எங்கே ஜெயிக்கிறது? நீண்டு நிற்கும் சுரத்தில். டிகே முடிந்ததும் என்வலப் சஸ்டெயினில் போய் மரம் மாதிரி நின்றுவிடும். எட்டு நொடி பேடுக்கு (பின்னணியில் நீண்டு நிற்கும் ஒலிக்கு) 0.1 ஹெர்ட்ஸில் நகரும் எல்எஃப்ஓதான் உயிர். எங்கே தொடங்குகிறது என்று தெரியாததே அங்கே அழகு. 5, 6 ஹெர்ட்ஸ் வைப்ரேட்டோவும் (சுருதி நடுக்கமும்) அதன் வேலைதான். 1984இல் வந்த ஜூனோ-106 சிந்தசைசரில் எல்எஃப்ஓவுக்கு டிலே ஸ்லைடர் உண்டு. கீயை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் நடுக்கம் சேரும். எல்எஃப்ஓவும் விரலைக் கவனிக்கட்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

சுற்றிச் சுற்றி ஓடும் என்வலப் இரண்டையும் சேர்த்துத் தரும் என்கிறார்கள். நான் அதை ஒரு மாலை நேரம்தான் நோண்டியிருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆஃப்டர்டச் (அழுத்திய கீயை மேலும் அழுத்தி ஒலியை மாற்றுவது) பற்றியும் அப்படியே, என் கீபோர்டில் அது இல்லை. அந்த பேஸில் இப்போதும் என்வலப்தான் ஓடுகிறது. பாட்டு மாறினால் டிகேயை மட்டும் தொடுகிறேன்.