தலைவரின் செயலகத்துக்கு அனுப்பிய மனு: ஒரு பயனாளியின் மதிப்பீடு

அம்மாவின் ஊழியர் சேமலாப நிதி ஆவணங்களில் இருந்த பெயர், அடையாள அட்டைப் பெயரிலிருந்து ஓரெழுத்து வேறுபட்டதனால், ஓய்வுபெற்று இரண்டு வருடங்கள் தொழில் அலுவலகத்துக்கு அலைந்தும் பணம் கிடைக்கவில்லை. கடைசியில் கொழும்பிலுள்ள உயர் தலைவர் ஒருவரின் செயலகத்துக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். எந்தத் தலைவர் என்பது இங்கே அவசியமன்று.

தலைவரே மனுவைப் படித்து உத்தரவிடுவார் என்றே எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பலரும் நம்புகின்றனர். உண்மையில் இத்தகைய செயலகம் தலைவரின் பணிகளுக்கான நிருவாக முதுகெலும்பு. சனாதிபதியைப் பொறுத்தவரை, அவருக்கென ஒரு செயலாளர் இருக்க வேண்டும் என்றும் அவரே சனாதிபதியின் அலுவலகத்துக்குப் பொறுப்பானவர் என்றும் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 41ஆம் உறுப்புரை கூறுகின்றது. மனுக்களைக் கையாள்வது அதன் வேலைகளுள் ஒரு சிறு பகுதியே. சேமலாப நிதியோ 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தொழில் திணைக்களத்தால் நிருவகிக்கப்படுவது. அதன் பணத்தைப் பொறுப்பில் வைத்திருப்பது மத்திய வங்கி. ஆகவே எந்தத் தலைவரின் செயலகமும் அதைத் தானே விடுவிக்க இயலாது.

அப்படியானால் அனுப்பியதால் பயன் என்ன? மூன்று வாரங்களில் வந்த ஒற்றைத்தாள் கடிதத்தின் மேல் மூலையில், நீல மையில் கையால் எழுதப்பட்ட இலக்கமொன்று இருந்தது. கீழே "உரிய நடவடிக்கைக்காக" என்று திணைக்களத்துக்கும், "தகவலுக்காக" என்று எனக்கும் பிரதி. அந்தத் தாளை நீட்டிய அன்றுதான், அதுவரை அம்மாவின் ஆவணக் கோவையைத் தேடவே மறுத்த எழுதுவினைஞர் எழுந்து அலுமாரியைத் திறந்தார். இந்தச் சேவையின் பெறுமதி முழுவதும் அந்த இலக்கத்தில்தான் உள்ளது என்பது என் கணிப்பு.

குறைகளும் உண்டு. தமிழில் எழுதிய மனுவுக்குச் சிங்களத்தில் மட்டுமே பதில் வந்தது. 1987இலேயே தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்ட நாட்டில், பக்கத்து லயத்துத் தம்பி வாசித்துச் சொல்லித்தான் விளங்கிக்கொண்டேன். தொலைபேசியில் விசாரித்தபோதோ, கனிவாகப் பேசினாலும், இலக்கம் சொல்லாமல் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று: தோட்ட முகவரியைக் கொடுத்தால் கடிதம் தோட்டக் காரியாலயத்தில் கிடக்கும். நான் நகரத்துப் பலசரக்குக் கடையின் முகவரியையே கொடுத்திருந்தேன்.