வட்டு நிறைய நிறைய வேகம் குறையும்: வெளி ஹார்ட் டிஸ்க் அனுபவம்

குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் திருமண வீடியோ எடுத்துத் தொகுக்கும் தொழிலில் இருப்பதால், 2 டெராபைட் ஒன்றும் 4 டெராபைட் ஒன்றுமாக இரண்டு 2.5 அங்குல வெளி ஹார்ட் டிஸ்க்குகளைச் சில ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன்.

கொள்ளளவில் குறை சொல்ல ஏதுமில்லை. தயாரிப்பாளர்கள் ஒரு டெராபைட்டை லட்சம் கோடி பைட் என்று கணக்கிட, விண்டோஸ் 1024-இன் அடுக்கில் கணக்கிடுவதால், 4 டெராபைட் வட்டு 3.63 என்று காட்டும். இது ஏமாற்று வேலை அல்ல. ஆனால் நொடிக்கு 100 மெகாபிட் வீதத்தில் பதிவாகும் 4கே வீடியோ மணிக்கு 45 ஜிகாபைட் பிடிக்கும். கோயிலில் நடக்கும் மின்னு கெட்டு (தாலி கட்டு), மாலை வரவேற்பு, முன்னதாகத் திற்பரப்பிலோ முட்டம் கடற்கரையிலோ எடுத்த காட்சிகள் எல்லாம் சேர்ந்தால் 300 ஜிகாபைட்டை எளிதில் தொட்டுவிடும் என்பதால், பத்துப் பன்னிரண்டு கல்யாணங்களில் வட்டு நிறைந்துவிடுகிறது.

வேகம்தான் விரிவாகப் பேச வேண்டியது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 5 ஜிகாபிட் என்பது யுஎஸ்பி 3.0 இணைப்பின் உச்சவரம்பே தவிர, உள்ளே சுழலும் வட்டின் வேகம் அன்று. வட்டு காலியாக இருக்கையில் பெரிய கோப்புகள் நொடிக்கு 120 மெகாபைட் அளவில் ஏறும். வெளி விளிம்பில் ஒரு சுற்றுக்குள் அடங்கும் தரவு அதிகம். வட்டு நிறைய நிறைய எழுதும் இடம் உள்வட்டத்துக்கு நகர்வதால் அதே வட்டு 70-க்கு இறங்கிவிடும். முதலில் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்த 300 ஜிகாபைட் பின்னர் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். பழைய கணினியின் யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் இரண்டேகால் மணி நேரத்துக்குக் குறையாது. எடிட்டிங் மென்பொருள் உண்டாக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளுக்கோ சில மெகாபைட் வேகமே கிடைக்கும். அவற்றை ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்புவதே உத்தமம்.

4 டெராபைட் வட்டில் வேறொரு சிக்கலும் உண்டு. கூரையில் ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் ஓரத்தின்மேல் அடுத்த தடத்தை ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் முறை அதில் இருப்பதால், பழையதை அழித்துவிட்டு அதே இடத்தில் புதியதை எழுதும்போது பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. காப்பி ஆகும்போது திரையில் உயரமாக நிற்கும் பச்சை வரைபடம் திடீரெனத் தரைதட்டி, 20 மெகாபைட்டில் ஊர்ந்து, சில வேளை பூஜ்யத்தில் நின்றுவிடும். காப்பி முடிந்த பிறகும் விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும். கையை வைத்தால் வட்டு மெல்ல அதிர்வது தெரியும். அது அடங்கும்வரை கேபிளை உருவாமல் இருப்பதே நல்லது.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு; குளச்சல் பக்கம் வேலைக்குக் கொண்டுபோனால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். வட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கேபிள் முனைகள்தாம் களிம்பேறின. இப்போது சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைக்கிறேன். வட்டை ஃபார்மேட் செய்யும்போது தேர்ந்தெடுக்கும் கோப்பு அமைப்புகளில், மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் எக்ஸ்ஃபேட்டைவிட, மாற்றங்களைக் குறித்துவைத்துக்கொள்ளும் என்டிஎஃப்எஸ் பாதுகாப்பானது.

முடித்த வேலைகளைச் சேமிக்க, விலையை நோக்கின், ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்று இன்னும் இல்லை. தொகுப்பு வேலையை, சுழலும் வட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டேன். அடுத்து வாங்குவது எஸ்எம்ஆர் இல்லாத 3.5 அங்குல வட்டுதான். தனி அடாப்டர் வேண்டும், பையிலும் அடங்காது, ஆனால் அது மேசையைவிட்டு நகரப்போவதில்லை.