பொதிக் கழுதை: ஈன்ற நாள் முதல் 30 வயது வரை

கழுதை வாங்குபவர்கள் உயரத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வாயை: வயதைச் சொல்வது பல்தான். இரண்டு வயதிலேயே உயரம் பெரும்பாலும் வந்துவிடும். முதுகெலும்பு முற்ற ஐந்து வயதாவது ஆகும். அதற்குள் முழுப் பொதி ஏற்றினால் பின்னாளில் முதுகு குழிந்து மூட்டு தேயும்.

சினைக்காலம் சுமார் 12 மாதம், 13-ஐத் தாண்டுவதும் உண்டு. குட்டியில் கழுதையும் அழகுதான், ஆனால் கொஞ்சுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்: ஒரு மணி நேரத்தில் நிற்க வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும். அதன்பின் சீம்பாலில் உள்ள நோயெதிர்ப்புச் சக்தியை ஏற்கும் திறனைக் குடல் வேகமாக இழக்கும். பால் மறக்கடிப்பது ஆறு மாதத்துக்குப் பிறகு. ஒரு வயதான ஆண்குட்டியைப் பெட்டைகளோடு விட்டுவைத்தால் பெட்டைகள் சினையாகிவிடும்.

நடு வெட்டுப்பல் சுமார் 2½, அடுத்தது 3½, ஓரப்பல் 4½ வயதில் விழுந்து முளைக்கும். ஐந்தில் நிரந்தரப் பற்களால் வாய் நிறையும். பத்துக்கு மேல் தேய்மானத்தை வைத்துச் சொல்லும் வயதெல்லாம் தோராயம்தான். நான்கு வயதில் இலேசான பொதி, ஐந்துக்கு மேல் முழுப் பொதி என்பதே எங்கள் கணக்கு. இழுவை, பொதி விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் இந்திய அரசின் 1965ஆம் ஆண்டு விதிகள் கழுதைப் பொதிக்கு வைத்த உச்சவரம்பு 50 கிலோ. ஈர மணலையும் ஈரத்துணி மூட்டையையும் கண்ணால் மதிப்பிடாதீர்கள், தராசில் நிறுங்கள். குளம்பை 6 முதல் 10 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். குதிரைக் குளம்பைவிட இது செங்குத்து, குதிரைக்குச் சீவுவதுபோல் சீவினால் நடை கெடும்.

15 வயதுக்குமேல் ஆண்டுதோறும் கால்நடை மருத்துவரிடம் கடைவாய்ப் பல்லைக் காட்டுங்கள். மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். உரசாத விளிம்பு கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கும். மென்ற வைக்கோல் உருண்டையாகக் கீழே விழுந்தால் அதுதான் அடையாளம். பல் ஆண்டுக்கு 2-3 மி.மீ. தேய, உள்ளிருந்து அதே அளவு வெளிவரும். 25-ஐத் தாண்டினால் கையிருப்பு தீரத் தொடங்கும். அப்போது தீவனத்தைப் பொடியாக நறுக்கி ஊறவைத்துத்தான் கொடுக்க வேண்டும். 120 கிலோ கழுதைக்கு நாளொன்றுக்குச் சுமார் 2 கிலோ உலர் தீவனம் போதும்.

கழுத்தில் கொழுப்புத் திரண்ட கழுதை ஒரு நாள் தின்னாமல் இருந்தாலே ஆபத்து: உடல் கொழுப்பு இரத்தத்தில் கலந்து கல்லீரலைத் தாக்கும். வலியை வெளிக்காட்டாது, சும்மா நிற்கும். அதைச் சாதுவான குணம் என்று விட்டுவிடாதீர்கள். கூடவே வளர்ந்த துணை இறந்தால் உடலை உடனே அகற்ற வேண்டாம். முகர்ந்து பார்த்து, தானாக விலகட்டும். அடுத்த சில வாரம் தீவனத் தொட்டியில் மிச்சம் எவ்வளவு என்று தினமும் பாருங்கள்.