அடைவுநிலையைச் சராசரி போடாமல் பார்ப்பது: சில வருட அனுபவம்

மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் தேர்வை 2021இல் நிறுத்திய பிறகு, வகுப்பறை மதிப்பீட்டின் அடைவுநிலை மேல் பெற்றோருக்குக் கவனம் கூடிவிட்டது. 1 முதல் 6 வரை எண்கள். சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இந்த எண்களோடுதான் புழங்குகிறேன். இவற்றை மார்க் போலக் கூட்டி வகுக்காமல், வரிசைநிலைத் தரவாகவே, அதாவது எது மேல், எது கீழ் என்று மட்டும் காட்டும் எண்களாகவே, வைத்துப் பார்த்து வருகிறேன்.

போன தவணைச் சந்திப்பில் ஒரு தந்தை கேட்டார்: "டீச்சர், மூனுல இருந்து நாலுக்குப் போயிட்டான். அப்ப எத்தன மார்க் கூடியிருக்கு?" மார்க் கணக்கே இதில் இல்லை, படி மட்டும்தான் ஏறியிருக்கிறான் என்றேன். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். "காய், அரைப்பழம், பழம்னு குலையப் பிரிக்கிறோமே, அது மாதிரியா?" என்றார். அதேதான். எது முன், எது பின் என்று தெரியும். இடைவெளி சமமா என்று தெரியாது. 1946இல் உளவியலாளர் ஸ்டீவன்ஸ் அளவைகளை நான்காகப் பிரித்தபோது இவ்வகைக்கு இடைநிலை எண்ணைத்தான், அதாவது வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் மீடியனைத்தான், பொருத்தமாகச் சொன்னார்.

ஆனால் மீடியனும் முழுசாகக் கைகொடுக்காது. எட்டுப் பிள்ளைகள் உள்ள வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1, 2, 3, 4, 4, 4, 5, 5. 1இலும் 2இலும் இருந்த இரண்டு பிள்ளைகளும் முட்டி மோதி 3க்கு வந்துவிட்டார்கள். ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் ஏது? மீடியன் அப்போதும் 4, இப்போதும் 4. சராசரி 3.5இலிருந்து 3.875 ஆகும். சரி, அசைகிறதே என்று தோன்றும். அந்த இருவரும் அங்கேயே கிடக்க, 4இல் இருந்த ஒருவர் 5க்கும் இன்னொருவர் 6க்கும் போனாலும் அதே 3.875தான் வரும். வாசிக்கத் திணறும் பிள்ளை கரையேறியதையும், நன்றாகப் படிக்கும் பிள்ளை இன்னும் உயர்ந்ததையும் அந்த எண்ணால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதனால் நான் நிலைத்துவிட்டது எண்ணிக்கைப் பட்டியலில்தான். ஒவ்வொரு நிலையிலும் எத்தனை பேர், 3க்குக் கீழே எத்தனை பேர். ஒரே தாளில் அடங்கிவிடும், பெற்றோருக்கும் உடனே புரியும்.

நூலகப் புத்தகம் எடுப்பதற்கும் அடைவுநிலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க, 1904இல் உளவியலாளர் ஸ்பியர்மன் தந்த தரவரிசை ஒட்டுறவு வசதியானது; இரண்டு வரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அது ஒரே எண்ணில் சொல்லும். எக்செலில் இரண்டு பத்திக்கும் தரவரிசை தரும் ராங்க்.ஏவிஜி (RANK.AVG) சூத்திரம் போட்டு, வந்ததற்கு ஒட்டுறவு கணக்கிடும் கோரல் (CORREL) போட்டால் போதும். சமமானவர்கள் எல்லாருக்கும் ஒரே மேல் இடத்தைத் தரும் ராங்க்.இக்யூ (RANK.EQ) வேண்டாம், ஒரே நிலையில் பல பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்குத் தரவரிசையின் சராசரிதான் போக வேண்டும். சின்ன வகுப்பில் ஒரு பிள்ளை மாறினாலே அந்த எண் தாவிவிடும் என்பதால், எட்டுப் பேரை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.