டியூப் ஃபின்னா, பார் பிளேட்டா? டர்போ காருக்கு எந்த இன்டர்கூலர்

டர்போ அழுத்தி அனுப்பும் காற்றை எஞ்சினுக்குள் போகுமுன் ஆறவைப்பது இன்டர்கூலர். மெல்லிய குழாய்களுக்கு நடுவே தகடு வைத்தது டியூப் ஃபின்; கனமான பட்டைகளையும் தகடுகளையும் அடுக்கி ஒட்டியது பார் பிளேட். நாகர்கோவில் பக்கம் வீட்டிலேயே இன்டர்கூலர் மாற்ற நினைப்பவர்கள் இந்த இரண்டில் எது என்றுதான் குழம்பி நிற்கிறார்கள்.

வெப்பம்: டர்போ அழுத்திய காற்றின் சூடு 100 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பார் பிளேட்டில் அலுமினியம் அதிகம். அதனால் சூட்டை வாங்கிக்கொண்டு நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். ஒருமுறை நன்றாகச் சூடேறிவிட்டால் ஆறவும் நேரமாகும். டியூப் ஃபின் சட்டென்று சூடாகும், மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்தால் தெரியும். ஆரல்வாய்மொழிக் காற்று முகத்தில் அடித்ததும் சட்டென்று ஆறியும்விடும்.

விலை: டியூப் ஃபின் பெரும்பாலும் குறைவு.

உழைப்பு: பார் பிளேட் கல்லடி தாங்கும். டியூப் ஃபின்னின் மெல்லிய தகடு விரல் நகம் அழுத்தினாலே வளையும். குளச்சல், முட்டம் உப்புக்காற்று இரண்டையும் அரிக்கும்; அடிக்கடி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோகவே வேண்டாம்.

மாட்டுவது: பார் பிளேட் கனம், பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். ரேடியேட்டருக்குப் போகும் காற்றையும் கூடுதலாக மறைக்கும். எதை மாட்டினாலும் கிளாம்ப் முடுக்கும் முன் குழாய் வாயிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். இல்லாவிட்டால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும்போது ஹோஸ் கழன்றுவிடலாம்.

தினசரி ஓட்டத்துக்கு டியூப் ஃபின் போதும். டியூன் செய்து பூஸ்ட் கூட்டியவர், மலை ஏற்றத்தில் விடாமல் மிதிப்பவர் பார் பிளேட்டுக்கே போகலாம்.