ஜோடியா கார்ல சுத்தறதுக்கு எது: ஸ்காட்லாந்து என்சி500 ஆ, அயர்லாந்து மேற்குக் கடலோரமா?

வெளிநாட்டுக்கு லீவுல போறோம், டூர் பஸ் வேணாம், ரெண்டே பேரா வாடகைக் கார் எடுத்து கிராமம் கிராமமா போகணும், ரோடு இடது பக்கம் ஓட்டற ஊரா இருக்கணும், போர்டு படிக்கத் தெரியற ஊரா இருக்கணும்னு தேட ஆரம்பிச்சா கடைசில இந்த ரெண்டுதான் வந்து நிக்கும். ஒண்ணு ஸ்காட்லாந்தோட நார்த் கோஸ்ட் 500, சுருக்கமா என்சி500, இன்னொண்ணு அயர்லாந்தோட வைல்ட் அட்லாண்டிக் வே, ரெண்டுமே கடலோரமா கார் ஓட்டிட்டுப் போற ரூட்டு. நானும் வீட்டுக்காரரும் ரெண்டுலயும் ஓட்டியிருக்கோம். என் முடிவ முதல்லயே சொல்லிடறேன், ரெண்டு பேருக்கும் ஓட்டத் தெரியும், ஓட்டப் பிடிக்கும்னா ஸ்காட்லாந்து. ஒருத்தர்தான் ஓட்டப்போறீங்க, இன்னொருத்தர் பக்கத்துல உக்காந்து வரப்போறீங்கன்னா யோசிக்கவே வேணாம், அயர்லாந்து.

ஏன்னு சொல்றேன். எல்லாரும் எங்க வியூ நல்லாருக்கும்னு மட்டும்தான் கேக்கறாங்க, ஓட்டறவர் அந்த வியூவ பாக்க முடியுமான்னு யாரும் கேக்கறதில்ல. ரெண்டு பேர் போற டிரிப்ல அதுதான் முதல் கேள்வியா இருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

என்சி500 2015ல ஆரம்பிச்ச ரூட்டு, இன்வெர்னஸ் கோட்டைல கிளம்பி ஹைலேண்ட்ஸ்ங்கற மலைப்பகுதியோட வடக்குப் பக்கத்த ஒரு சுத்து சுத்தி அங்கயே வந்து முடியும், மொத்தம் 516 மைல், கிட்டத்தட்ட 830 கிலோமீட்டர். கிழக்குப் பக்கம் ஏ9 நல்ல ரெட்டை வழி ரோடு, ஒண்ணும் பயமில்ல. மேற்குப் பக்கமும் வடமேற்கு மூலையும்தான் வேற கதை. அங்க நிறைய இடத்துல சிங்கிள் டிராக், அதாவது போக வர ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு வண்டி அகலம், கொஞ்ச தூரத்துக்கு ஒருக்கா பாஸிங் ப்ளேஸ்னு ஒதுங்கறதுக்கு ஒரு இடம் விட்டிருப்பாங்க. எதிர்ல வண்டி வந்தா உங்க இடது பக்கம் பாஸிங் ப்ளேஸ் இருந்தா அதுல ஒதுங்கணும், வலது பக்கம் இருந்தா அதுல ஏறக்கூடாது, அதுக்கு எதிர்ல நம்ம பக்கமே நிப்பாட்டி அவங்கள அதுல போக விடணும். பின்னாடி வேகமா ஒருத்தர் வந்தாலும் ஒதுங்கி வழி விட்டே ஆகணும், ஏன்னா அது அந்த ஊர்க்காரங்க வேலைக்குப் போற ரோடு, ஆம்புலன்ஸ் வர்ற ரோடும் அதுதான். பாஸிங் ப்ளேஸ்ல வண்டிய நிறுத்திட்டு போட்டோ எடுக்கறவங்களப் பாத்தா எனக்கு உண்மையிலேயே கோவம் வருது, தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க.

அதனால ஓட்டறவர் கண்ணு முழுசும் தூரத்துல எந்த வளைவுல எந்த வண்டி தெரியுது, நாம ஒதுங்கறதா அவங்க ஒதுங்கறாங்களாங்கற கணக்குலயே இருக்கும். பக்கத்துல இருக்கறவர் "ஐயோ அங்க பாருங்க"ன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் ஓட்டறவருக்கு பாக்க முடியல. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டினா இது பிரச்சனையே இல்ல, காலைல ஒருத்தர், மதியம் ஒருத்தர்னு பிரிச்சுக்கலாம், கூடுதல் டிரைவர் பேர புக் பண்ணும்போதே சேர்த்துடுங்க. அந்தப் பேர் இல்லாம இன்னொருத்தர் ஓட்டினா இன்ஷூரன்ஸ் நிக்காது.

மேற்குக் கடலோரத்துல ஆப்பிள்கிராஸ்ங்கற கிராமத்துக்குப் போற பெயலக் நா பா மலைப்பாதைய தனியா சொல்லியே ஆகணும். கடல் மட்டத்துல இருந்து 626 மீட்டர் ஏறும், ஹேர்பின் வளைவு, சில இடத்துல ஏத்தம் 20 சதவீதம் பக்கம் வரும், புதுசா ஓட்டக் கத்துக்கறவங்க, ரொம்பப் பெரிய வண்டி, கேரவன் எல்லாம் இந்தப் பக்கம் வேணாம்னு அடிவாரத்துலயே போர்டு வெச்சிருக்காங்க. பனி காலத்துல அடிக்கடி மூடிடுவாங்க. ஷீல்டெய்க் பக்கமா கடலோரமா இன்னொரு ரோடு இருக்கு, அது வழியாவும் ஆப்பிள்கிராஸ் போகலாம், அதுல போனா எதையோ விட்டுட்டோம்னு நினைக்க வேண்டியதே இல்ல.

இப்ப அயர்லாந்து. வைல்ட் அட்லாண்டிக் வே 2014ல வந்தது, வடக்க டோனகால்ல இருந்து தெக்க கார்க்ல கின்சேல் வரைக்கும் ஒம்போது கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி), கிட்டத்தட்ட 2,500 கிலோமீட்டர். சாதாரண லீவுல இத முழுசா முடிக்க முடியாது. எனக்கு அதுதான் இதோட பெரிய பிளஸ்ஸே. என்சி500க்கு பேர்லயே ஒரு நம்பர் இருக்கு, வட்டமா வேற இருக்கு, அதனால போறவங்க எல்லாருக்கும் முழு சுத்தும் முடிச்சே ஆகணும்னு ஒரு அவசரம் வந்துடுது, நாலஞ்சு நாள்ல ஓடிட்டு வந்துடறாங்க, தினம் ஒரு ஊர், தினம் பெட்டி கட்டறது. அயர்லாந்துல யாரும் முழுசா முடிக்கப் போறதில்லன்னு முதல்லயே தெரியறதால ரெண்டு கவுண்டி எடுத்துக்கிட்டு ஒரே ஊர்ல மூணு ராத்திரி தங்கிக்கலாம். ஓட்டறவருக்கு ஒரு நாள் முழுசா சாவிய தொடாம இருக்கலாம்.

அங்க ரோடு சுலபம்னு நினைச்சுக்காதீங்க. பெரிய ரோட்ட விட்டு இறங்கினா ரெண்டு பக்கமும் கல் சுவரு இல்லன்னா வேலிச்செடி, நடுவுல புல்லு முளைச்ச சந்து மாதிரி ரோடெல்லாம் உண்டு, சைடு மிரர் தேயற அளவுக்கு இருக்கும். டிங்கிள் பக்கத்துல கானர் பாஸ்னு உயரமான மலைப்பாதை, அதுல பெரிய வண்டிங்களுக்கு அனுமதியே கிடையாது. உள்ளூர் கிராம ரோடுகளுக்கு வேக எல்லைய 2025 பிப்ரவரில 80ல இருந்து 60 கிலோமீட்டரா குறைச்சுட்டாங்க, அதுக்கே பல இடத்துல போக முடியாது. ஆனா இந்த மாதிரி ரோடு கொஞ்ச நேரம்தான், அப்புறம் ஒரு ஊர் வந்துடும், நிறுத்தி டீ குடிச்சுட்டு கால நீட்டிக்கலாம். வடமேற்கு ஹைலேண்ட்ஸ்ல அப்படி இல்ல, அடுத்த பெட்ரோல் பங்க் எங்கன்னு பாத்துட்டுதான் கிளம்பணும், பாதி டேங்க் வந்தாலே போட்டுடறது நல்லது.

சாயங்காலத்துக்கு வருவோம், எனக்கு இது ரொம்ப முக்கியம். ரெண்டு இடத்துலயும் குடிச்சுட்டு ஓட்டற எல்லை 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான், ஸ்காட்லாந்து 2014லயே இங்கிலாந்த விட கடுமையா ஆக்கிடுச்சு. அதனால பப்புல இருந்து ரூமுக்கு நடந்தே போற தூரத்துல தங்கினாதான் ரெண்டு பேரும் சேர்ந்து உக்கார முடியும். டூலின், டிங்கிள் மாதிரி ஊர்ல இது ரொம்ப சுலபம், காரை ஓரமா விட்டுட்டு நடந்து போனா பாட்டும் ஃபிடிலும் போயிட்டே இருக்கும், குடிக்காதவங்களுக்கும் அந்த இடம் அவ்வளவு நல்லாருக்கும். ஹைலேண்ட்ஸ்ல உல்லாபூல் மாதிரி ஒண்ணு ரெண்டு ஊர விட்டா சாயங்காலம்ங்கறது பெரும்பாலும் ரூமும் ஜன்னலும்தான். பேச நிறைய இருக்கற ஜோடிக்கு அதுவும் நல்லதுதான், அத குறையா சொல்லல.

ஆனா இயற்கைன்னு மட்டும் பாத்தா ஸ்காட்லாந்துக்குதான் என் ஓட்டு. வடமேற்குல அசின்ட் பக்கம் போனீங்கன்னா சூல்வென், ஸ்டாக் பாலி மாதிரி மலையெல்லாம் தரையில இருந்து தனித்தனியா எழும்பி நிக்கும், கீழ இருக்கற பாறை கிட்டத்தட்ட 300 கோடி வருஷப் பழசு. அக்மெல்விக் பீச்ல வெயில் அடிச்சா தண்ணி நிறத்தப் பாத்துட்டு இவ்வளவு வடக்க இருக்கற கடல்னே நம்ப முடியாது, கால வெச்சா மட்டும் குளிர் தூக்கிவாரிப் போடும். அயர்லாந்துல மோஹர் செங்குத்துப் பாறைகள் 214 மீட்டர், அழகுதான், ஆனா பகல்ல பஸ் கூட்டம் தாங்காது, காலைல சீக்கிரமோ சாயங்காலமோ போங்க. டோனகால்ல ஸ்லீவ் லீக் கிட்டத்தட்ட 600 மீட்டர், மோஹர் மாதிரி கிட்டத்தட்ட மூணு மடங்கு உயரம், கூட்டமும் கம்மி. டூலின் பக்கத்துல இருக்கற பர்ரன் சுண்ணாம்புப் பாறை வெளிய பாக்காம வந்துடாதீங்க, அங்க பூல்னாப்ரோன் கல்திட்டை 5,000 வருஷத்துக்கும் மேல பழசு, சும்மா ரோட்டோரமா நடந்து போய் பாத்துடலாம்.

மத்த விஷயங்கள் சுருக்கமா. ரெண்டும் வேற வேற நாடு, விசாவும் வேற வேற, பல ஐரோப்பிய நாட்டுக்கு ஒரே விசாவா இருக்கற ஷெங்கன்லயும் அயர்லாந்து கிடையாது, ஒரு நாட்டு விசாவுல இன்னொண்ணுக்குப் போக சில வசதி இருக்கு, அது உங்க பாஸ்போர்ட்டும் விசா வகையும் பொறுத்தது, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. ஸ்காட்லாந்துல டோல் ரோடே இல்ல. அயர்லாந்துல டப்ளின்ல இறங்கினா எம்50 டோலுக்கு கேட்டே இருக்காது, கேமரா நம்பர எடுத்துக்கும், மறுநாள் ராத்திரி எட்டு மணிக்குள்ள நாமளே கட்டணும், வாடகைக் கம்பெனி கட்டுதா நாம கட்டணுமான்னு சாவி வாங்கும்போதே கேட்டுடுங்க. ஸ்காட்லாந்துல மைல் கணக்கு, அயர்லாந்துல கிலோமீட்டர். கோடைல ஹைலேண்ட்ஸ்ல மிட்ஜ்னு பொடிப்பொடியா ஒரு பூச்சி கூட்டமா கடிக்கும், காத்து அடிச்சா வராது, மே மாசம் மொத பாதில போனா தப்பிச்சுக்கலாம். மழை ரெண்டு இடத்துலயும் உண்டு, அத வெச்சு முடிவு பண்ணாதீங்க.

ஒருத்தர்தான் ஓட்டறீங்கன்னா நான் இப்படித்தான் போடச் சொல்வேன். டப்ளினுக்குப் பதிலா நேரா மேற்குல இருக்கற ஷானன் ஏர்போர்ட்ல இறங்குங்க, சின்ன ஆட்டோமேட்டிக் கார் எடுங்க, டூலின்ல மூணு ராத்திரி, அப்புறம் கில்லிமர்ல காரோட ஃபெர்ரில ஏறி ஆத்தத் தாண்டி கெரி கவுண்டி பக்கம் போய் டிங்கிள்ல நாலு ராத்திரி. டிங்கிள்ல இருந்து கடலோரமா சுத்தி வர்ற ஸ்லே ஹெட் ரோட்ட கடிகார சுத்துல போங்க, பஸ்ஸெல்லாம் அப்படித்தான் போகும், எதிர்ல மாட்டிக்க மாட்டீங்க. நேரம் மிச்சம் இருந்தா எல்லாரும் போற ரிங் ஆஃப் கெரி ரோட்ட விட்டுட்டு பேரா தீபகற்பம் போங்க, ஹீலி பாஸ் மேல வண்டிய நிறுத்த இடம் இருக்கு, அங்க ஓட்டறவரும் இறங்கி நிதானமா நின்னு பாக்கலாம்.