மீனை பச்சையா ஃப்ரீஸ் பண்ணவா, குழம்பு வச்சு ஃப்ரீஸ் பண்ணவா?

ஜூன் 1 ஆச்சுன்னா எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கமெல்லாம் விசைப்படகு கரையில நின்னுரும், ஜூலை 31 வர மீன்பிடி தடைக்காலம் (சின்னமுட்டம் மட்டும் கிழக்குக்கரை கணக்கு, அங்க ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14). வள்ளத்து (நாட்டுப்படகு) மீனு வரும்தான், ஆனா வெலய கேட்டுட்டு சும்மா திரும்பி வரணும். அதனால மே கடைசியிலயே எங்க வீட்டு ஃப்ரீசர் நெறஞ்சிரும், அப்பவே எனக்கும் தங்கச்சிக்கும் வருஷாவருஷ சண்டையும் ஆரம்பிச்சிரும். நான் பச்சை மீனு கட்சி, அவ குழம்பு வச்சு டப்பாவுல அடைக்கிற கட்சி.

அவ சொல்லுறதுல நியாயம் இல்லாம இல்ல, வேலைக்கு போயிட்டு வந்து மீனு கழுவிட்டு நிக்க முடியாது, டப்பாவ எடுத்து சூடாக்கினா சோறு ரெடி. ஆனா நம்ம ஊரு குழம்பு தேங்கா அரைச்சு வைக்கிறது. ஃப்ரீசர்ல இருந்து உருகினதும் தேங்கா திரிஞ்ச மாதிரி தனியா, தண்ணி தனியா நிக்கும், கொதிக்க வச்சு கெளறினா ஒருமாதிரி சேரும், அதுக்குள்ள மீனு பொடிஞ்சிரும், முருங்கைக்காய் கொழகொழன்னு ஆயிரும். தேங்கா போடாத புளி முளகு கறின்னா அவதான் ஜெயிப்பா, ரெண்டு மாசம் ஆனாலும் ருசி பெருசா போகாது.

எனக்க முறை இது: மீன வெட்டி கழுவி, ஒரு வேளைக்கு வேண்டியத மட்டும் டப்பாவுல போட்டு மூழ்குற அளவு தண்ணி ஊத்தி ஃப்ரீஸ் பண்ணுறது. ஐஸ் மூடிக்கிட்டா காத்து படாது, மீனு காஞ்சு வெளிறிப் போகாது, நெத்தோலிக்கு இத விட நல்ல வழி இல்ல. கொறைன்னா எடம் அடைக்கும், முந்தின ராத்திரியே கீழ் தட்டுக்கு மாத்த ஞாபகம் இருக்கணும், நான் பாதி நாள் மறந்துருவேன். சாளை (மத்தி), அயலை (கானாங்கெளுத்தி) மாதிரி நெய் உள்ள மீனுன்னா எப்படி வச்சாலும் 2, 3 மாசத்துக்கு மேல காறல் அடிக்கும்.

மசால் தடவி வைக்கிறது நடுவுல உள்ள கட்சி. பொரிக்க சுகம், நேரா சட்டியில போடலாம். ஒண்ணு மட்டும், உப்பு சேத்து வச்சா சாளை மாதிரி நெய் உள்ள மீனு காறல் அடிக்கிறது இன்னும் சீக்கிரம். முளகுபொடி, மஞ்சப்பொடி மட்டும் தடவி வச்சிட்டு உப்ப பொரிக்கும்போது போடுங்க.

ஆனா எந்த கட்சியானாலும் மீனு எப்ப வாங்கினீங்கங்கிறதுதான் முக்கியம். சூரை, அயலை, சாளை வெயில்ல கெடந்தா ஹிஸ்டமின்னு ஒண்ணு உண்டாகும், அது சமைச்சாலும் போகாது ஃப்ரீஸ் பண்ணினாலும் போகாது, தின்னா மூஞ்சி செவந்து தடிச்சு சொறியும். மத்தியானம் ஸ்கூட்டர்ல வாற மீன அன்னைக்கே கறி வைக்கலாமான்னே யோசிக்கணும், ஃப்ரீசருக்கு காலையில கரையில எடுத்த மீனுதான்.

மீனு இல்லாம மத்தது: மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) தொலி உரிச்சு துண்டாக்கி வச்சா அருமையா நிக்கும், வெளிய வச்சா ரெண்டு மூணு நாள்ல கறுக்கிற சாமானாச்சே. சக்கைச்சுளையும் (பலாச்சுளை) அப்படித்தான். தேங்கா துருவி வைங்க, மீனு தனி தேங்கா தனின்னு இருந்தா குழம்பு அன்னைக்கு வச்ச மாதிரியே இருக்கும். அவியல் வேண்டவே வேண்டாம், தண்ணியா போயிரும்.

அம்மைக்கு இந்த ரெண்டு கட்சியும் ஆகாது, அவங்க கருவாட்டு கட்சி. நெறஞ்ச ஃப்ரீசர தொறக்காம வச்சா கரண்ட் போனாலும் 48 மணி நேரம் தாங்கும், பாதிதான் இருக்குன்னா 24. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடிச்சப்போ கரண்ட் வர நாள் கணக்காச்சு. மூணாவது நாள் ஃப்ரீசர்ல இருந்த அத்தனையும் தென்னமூட்டுல குழி தோண்டி பொதைச்சோம். அந்த வாரம் முழுக்க எங்களுக்கு கஞ்சியும் அம்மைக்க நெத்தோலி கருவாடும்தான், அவங்க ஒரு வார்த்த பேசல, ஆனா பரிமாறும்போது அந்த சிரிப்பு இருந்துச்சே.